ஒரு இலை ரத்தக்குழாய் வரை போகும் பாதை

அப்பாவோடு நடக்கும்போதுதான் அதைக் கவனித்தேன். முந்நூறு அடி போனதும் நிற்பார். செருப்பைச் சரிசெய்வது போலக் குனிவார், இல்லையென்றால் அண்ணாந்து ஏதாவது மரத்தைப் பார்ப்பார். ஒரு நிமிஷம் கழித்து நடையைத் தொடர்வார். கிட்டத்தட்ட அதே தூரத்தில் மறுபடியும் நிற்பார். "கெண்டைக்கால் பிடிச்சுக்குது, வயசாச்சுல்ல" என்றார். நானும் நம்பினேன். ஒரு வருஷம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

மருத்துவர் அவரைப் படுக்க வைத்து, கையில் பிரஷர் பார்ப்பது போலவே கணுக்காலிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். கணுக்காலில் வந்த எண்ணைக் கையில் வந்த எண்ணால் வகுத்தார். விடை 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். அப்பாவுக்கு அதற்கும் கீழேதான் வந்தது. கெண்டைச்சதையில் ஒரு கோளாறும் இல்லை. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் குறுகிப்போயிருந்தது. நடக்கும்போது தசைக்கு ரத்தம் அதிகம் வேண்டும், குறுகிய குழாயால் அதைக் கொடுக்க முடியாது, அதனால் வலிக்கும். நின்றால் தேவை குறையும், வலியும் போய்விடும். ஜெர்மன் மொழியில் இந்த நோய்க்கு 'கடைச் சன்னல் நோய்' என்றே ஒரு பேச்சுவழக்குப் பெயர் உண்டு. வலியால் நிற்பவர்கள், கடைக் கண்ணாடிக்குள் பார்ப்பது போல நிற்பதால் வந்த பெயர்.

மருந்துச் சீட்டை எழுதி முடித்துவிட்டு, "ஐயா, சிகரெட்டை இன்னைக்கே விட்டுடுங்க. தினமும் நடங்க. கீரை நிறையச் சேர்த்துக்குங்க" என்றார் மருத்துவர். முதல் இரண்டும் புரிந்தன. கீரைக்கும் காலுக்குப் போகும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் புரியவில்லை. அதைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே நோய், பல இடங்கள்

மாரடைப்பு, பக்கவாதம், நடந்தால் கால் வலி என்று தனித்தனியாகச் சொல்கிறோம். பெரும்பாலும் இவற்றுக்குப் பின்னால் இருப்பது ஒரே சங்கதிதான். தமனியின் உட்சுவருக்குள் கொழுப்பு சேர்ந்து, அதைச் சுற்றி அழற்சி உண்டாகி, சுவர் தடித்து, குழாய் குறுகுகிறது. அந்தத் திட்டு வெடித்தால் அதன் மேல் ரத்தம் உறைந்து குழாயை மொத்தமாக அடைக்கும். இதயத்துக்குப் போகும் குழாயில் நடந்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் குழாயில் நடந்தால் பக்கவாதம். காலில் வந்தவருக்கு மற்ற இரண்டு இடங்களிலும் வரும் வாய்ப்பு கூடுதல். அதனால்தான் மருத்துவர் அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு இதயத்தையும் பரிசோதிக்கச் சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் இதய, ரத்தநாள நோய்களால் இறந்தவர்கள் சுமார் 1 கோடியே 79 லட்சம் பேர். உலகில் அந்த ஆண்டு நிகழ்ந்த மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று.

குழாய் குறுகுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. சீரான ஓட்டத்தில், குழாயின் ஆரம் பாதியானால் அதில் ஓடும் அளவு பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஓட்டம் மாறும் என்பது இயற்பியல் விதி. இதயம் அழுத்தத்தைக் கூட்டியும் பக்கக் குழாய்கள் விரிந்தும் உடம்பு ஓரளவு ஈடுகட்டும். ஆனாலும் இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும் என்பதை மறக்க வேண்டாம். ஒரு குழாய் கொஞ்சமே கொஞ்சம் விரிந்தாலும் ஓட்டம் நன்றாகவே கூடும்.

இது வயதான பிறகு தொடங்கும் நோயும் அல்ல. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஆராய்ந்த முடிவு 1953-ல் வெளிவந்தது. அவர்களின் சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கும் மேல் இதயத் தமனிகளில் இந்தப் படிவு ஏதோ ஓர் அளவில் இருந்தது. எனவே கீரை, நடை, உப்பு பற்றிய பேச்செல்லாம் அறுபது வயதுக்காரர்களுக்கு மட்டும் என்று முப்பது வயதுக்காரர் ஒதுங்கிப் போக வேண்டாம்.

ஒரே ஓர் அடுக்குத் தோல்

ரத்தக்குழாய் என்றதும் நம் மனசுக்கு வருவது தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய். தானாக எதுவும் செய்யாத, தண்ணீர் ஓடினால் ஓடட்டும் என்று கிடக்கும் குழாய். மருத்துவ உலகமும் ரத்தக்குழாயின் உட்பூச்சைப் பற்றி ஏறக்குறைய இப்படித்தான் நெடுநாள் நினைத்திருந்தது. எண்டோதீலியம் என்று பெயர் கொண்ட அந்த உட்பூச்சு, ஒரே ஒரு செல் தடிமன் உள்ள அடுக்கு. வெறும் மறைப்பு என்றுதான் எண்ணினார்கள்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற அமெரிக்க விஞ்ஞானி. முயலின் பெருந்தமனியிலிருந்து சிறு பட்டைகளை வெட்டி, அசிட்டைல்கோலின் என்ற பொருளை விட்டுப் பார்ப்பது அவர் வேலை. உயிருள்ள உடலில் அந்தப் பொருள் குழாயைத் தளர்த்தும். அவருடைய பட்டைகளோ சுருங்கின. பல வருஷமாக இந்த முரண் புரியவில்லை. காரணம் கடைசியில் கையிலேயே இருந்தது: பட்டையைத் தயார் செய்யும்போது உட்பக்கம் எங்காவது உரசினால் அந்த ஒரு செல் அடுக்கு உரிந்து போய்விடுகிறது. உரசாமல் எடுத்த பட்டைகள் அழகாகத் தளர்ந்தன.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உட்பூச்சு உரிந்த ஒரு பட்டையையும், உட்பூச்சோடு இருந்த இன்னொரு பட்டையையும் முகத்தோடு முகம் ஒட்டி வைத்தார். உரிந்த பட்டையும் தளர்ந்தது. பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று அதற்குள் ஊறி வந்து 'தளர்ந்துகொள்' என்று சொல்லியிருக்கிறது. 1980-ல் இதை வெளியிட்டார். அந்த 'ஏதோ ஒன்று' நைட்ரிக் ஆக்சைடு என்ற எளிய வாயு என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவானது. ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் மூவருக்கும் 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வாயு உருவாகி ஒரு சில நொடிதான் நிற்கும். அந்த நொடிகளுக்குள் குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும், ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும், வெள்ளையணுக்கள் சுவரில் ஒட்டி உள்ளே நுழைவதையும் குறைக்கும். நொடியில் தீர்ந்துபோகும் பொருள் என்பதால், உட்பூச்சு இதை ஓயாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். புகை, உயர் ரத்த அழுத்தம், கட்டுக்கடங்காத சர்க்கரை, அதிகக் கெட்ட கொழுப்பு எல்லாமே முதலில் கெடுப்பது இந்த உற்பத்தியைத்தான். தமனி நோயின் முதல் படி இங்கேதான் தொடங்குகிறது, அடைப்பு தெரிவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே.

கீரை உள்ளே நுழையும் வழி

உடம்பு அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது. இது முதல் வழி. இரண்டாவது வழி ஒன்று இருக்கிறது, அது தட்டிலிருந்து தொடங்குகிறது.

செடிகள் மண்ணிலிருந்து நைட்ரேட்டை உறிஞ்சி வளர்கின்றன. பசலைக்கீரை, லெட்டூஸ், அருகுலா, பீட்ரூட்டும் அதன் இலையும் நைட்ரேட்டை நிறையச் சேர்த்து வைப்பவை. நாம் சாப்பிட்டதும் அது குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போகிறது. பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். ஆனால் சுமார் கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் பிடித்து, திரும்பவும் வாய்க்கே அனுப்புகின்றன. விழுங்கி முடித்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் கீரை, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி நாக்குக்கே வருகிறது.

நாக்கின் பின்பகுதியில் சொரசொரப்பான மேடுகளுக்கு இடையே வாழும் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இதைச் செய்யும் திறன் நம் செல்களுக்கு அவ்வளவாகக் கிடையாது, அந்த நுண்ணுயிர்களை நம்பித்தான் இருக்கிறோம். நைட்ரைட் கலந்த உமிழ்நீரை விழுங்கும்போது வயிற்று அமிலத்தில் கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடாக மாறும். மீதி ரத்தத்தில் கலந்து, ஆக்சிஜன் குறைந்த இடங்களில் நைட்ரிக் ஆக்சைடாகும். ரத்தம் சரியாகப் போகாத இடத்தில்தான் ஆக்சிஜன் குறைவு. தேவையுள்ள இடத்தில்தான் மருந்து அவிழ்கிறது என்று படித்தபோது அப்பாவின் கெண்டைக்கால்தான் நினைவுக்கு வந்தது.

இந்தச் சுற்றுப்பாதை நிஜம்தானா என்று 2008-ல் லண்டனில் சோதித்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்தார்கள். இரண்டரை மூன்று மணி நேரத்தில் மேல் எண் பிரஷர் 10 புள்ளி அளவுக்கு இறங்கியது. பிறகு, சாறு குடித்ததும் ஊறும் எச்சிலை எல்லாம் விழுங்காமல் துப்பிவிடச் சொன்னார்கள். பிரஷர் இறங்கவில்லை. எச்சில் வழியாகத்தான் வேலை நடக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். கிருமி கொல்லும் கடுமையான மவுத்வாஷை நாள் தவறாமல் பயன்படுத்துபவர்களுக்கு இந்தப் பாதை அடைபடுகிறது என்பதும் சோதனைகளில் தெரிந்தது. பல் மருத்துவர் ஒரு காரணத்துக்காகச் சில நாள் கொடுத்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். காரணமே இல்லாமல் தினசரி வழக்கமாக வைத்துக்கொள்வதைத்தான் யோசிக்க வேண்டும்.

10 புள்ளி என்பது ஒரே மூச்சில் அரை லிட்டர் சாறு குடித்ததன் விளைவு. சாப்பாட்டில் சேரும் கீரையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. சில வாரம் கீரை கொடுத்துப் பார்த்து பிரஷரில் வித்தியாசம் தெரியாத சோதனையும் இருக்கிறது. நீண்ட காலக் கணக்கில் நம்பிக்கை தருவது டென்மார்க்கில் 50,000-க்கும் அதிகமானவர்களை 23 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு. அதன் முடிவு 2021-ல் வந்தது. காய்கறி, கீரைகளிலிருந்து நைட்ரேட் அதிகம் பெற்றவர்களுக்கு இதய, ரத்தநாள நோய் வரும் வாய்ப்பு 12 முதல் 26 சதவீதம் வரை குறைவாக இருந்தது. அதிகமாகக் குறைந்தது கால் தமனி நோய்தான். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: நாளுக்கு 60 மில்லிகிராம் நைட்ரேட் வரை பலன் ஏறியது, அதற்கு மேல் போனால் கூடுதல் பலன் இல்லை. பச்சை இலையாக ஒரு கப் அளவுதான் அது. கீரை சாப்பிடுபவர் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருப்பார் என்பதால், இப்படிப் பின்தொடரும் ஆய்வை வைத்து கீரை ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூலக்கூறு அளவில் நடப்பதும் மக்கள் கூட்டத்தில் தெரிவதும் ஒரே திசையைக் காட்டுகின்றன. எனக்கு அது போதும்.

ஏற்கெனவே இருக்கும் அடைப்பைக் கீரை கரைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரைச் சாறு குடித்தவர்கள் கதை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இலைக்குள் இருக்கும் மற்றவை

பொட்டாசியம் முக்கியமானது. 100 கிராம் பச்சைப் பசலைக்கீரையில் 550 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பொட்டாசியம் போதுமான அளவு கிடைத்தால் சிறுநீரகம் சோடியத்தை எளிதாக வெளியே தள்ளும், பிரஷர் இறங்கும். 1997-ல் வெளியான 'டேஷ்' ஆய்வில் 459 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் நிறைந்த சாப்பாட்டைக் கொடுத்தார்கள். அந்தக் குழுவில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளி குறைந்தது. உப்பின் அளவை மாற்றவில்லை, எடையையும் குறைக்க விடவில்லை, சாப்பாடு மட்டும் மாறியது.

ஃபோலேட் என்ற சத்தின் பெயரே இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1941-ல் அதைப் பிரித்தெடுத்ததும் பசலைக்கீரையிலிருந்துதான். ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற, இதய நோயோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் அமினோ அமிலம் கூடாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் ஃபோலிக் அமில மாத்திரையால் ஹோமோசிஸ்டீனைக் குறைத்துப் பார்த்த பெரிய சோதனைகளில் மாரடைப்பு குறையவில்லை. இலையில் இருப்பதை எல்லாம் ஒரு மாத்திரைக்குள் அடைத்துவிட முடியாது என்பதற்கு இதை ஓர் உதாரணமாகவே வைத்திருக்கிறேன்.

வைட்டமின் கே பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் இது, பச்சை இலைகளில் மிக அதிகம். ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் ஒரு புரதம் இயங்கவும் இது வேண்டும். ஆனால் வார்ஃபரின் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகள் வேலை செய்வதே வைட்டமின் கே-யை முடக்கித்தான். அந்த மாத்திரை சாப்பிடும் ஒருவர் திடீரென்று தினம் ஒரு பெரிய கிண்ணம் கீரை சாப்பிட ஆரம்பித்தால் மருந்தின் வீரியம் குறைந்து, உடம்புக்குள் ரத்தம் உறைய இடம் கொடுத்துவிடும். கீரையைத் திடீரென்று அடியோடு நிறுத்தினாலும் ஆபத்து, அப்போது ரத்தக்கசிவு வரலாம். கீரையே கூடாது என்பதில்லை. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட வேண்டும், கூட்டவோ குறைக்கவோ நினைத்தால் மருத்துவரிடம் சொல்லி, ரத்தப் பரிசோதனை செய்து மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்குப் பொட்டாசியம் உடம்பில் தேங்கும். அவர்கள் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் போகக்கூடாது. ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் பசலைக்கீரையைக் குறைத்துக்கொண்டு, லெட்டூஸ், முட்டைக்கோஸ் போன்ற ஆக்சலேட் குறைந்த இலைகளுக்கு மாறலாம்.

அடுப்படியில் கவனிக்க

நைட்ரேட், பொட்டாசியம், ஃபோலேட் மூன்றும் தண்ணீரில் கரைபவை. கீரையை நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தப் பச்சைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டால் இவற்றில் கணிசமான பங்கு அதோடு போய்விடும். இலையில் ஒட்டியிருக்கும் கழுவிய தண்ணீரே போதும். மூடி போட்டு மூன்று நான்கு நிமிஷம் வைத்தால் மலை போல இருந்த இலை ஒரு பிடியாகச் சுருங்கும். வைட்டமின் கே கொழுப்பில் கரைவது, அதனால் ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்ப்பது நல்லது. சிறுநீரகக் கல் வந்தவருக்கும் பொட்டாசியத்தைக் குறைக்க வேண்டியவருக்கும் மட்டும் இது தலைகீழ்: அவர்கள் வேக வைத்துத் தண்ணீரை வடிப்பதுதான் சரி, ஆக்சலேட்டும் பொட்டாசியமும் அதோடு போகும்.

சமைத்த கீரையை வெளியிலேயே மணிக்கணக்கில் வைக்காதீர்கள். பாக்டீரியாக்கள் அதிலேயே நைட்ரைட்டைப் பெருக்கிவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது நிஜமான ஆபத்து.

கீரையால் ஈடுகட்ட முடியாதவை

புகைதான் முதல் எதிரி. கால் தமனி நோய்க்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு இல்லை. அப்பா முப்பது வருஷம் புகைத்தவர். ஒவ்வொரு சிகரெட்டும் உட்பூச்சு உண்டாக்கும் நைட்ரிக் ஆக்சைடை உடனடியாக அழிக்கிறது. விட்ட ஒரு வருஷத்தில் இதய நோய்க்கான கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகும், எந்த வயதில் விட்டாலும் லாபம்தான்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். இதில் பாக்கெட் தின்பண்டத்தில் ஒளிந்திருப்பதும் சேர்த்தி. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் அளந்து பார்த்துவிடுங்கள். மூன்றுமே சத்தம் போடாமல் கெடுப்பவை.

நடையைப் பற்றி 1953-லேயே ஒரு நல்ல பாடம் கிடைத்தது. லண்டனின் மாடிப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களையும், படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களையும் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் ஒப்பிட்டார். ஒரே நிறுவனம், ஒரே பேருந்து. நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது, வந்தாலும் பிந்தி வந்தது. நடக்கும்போது ரத்தம் வேகமாக ஓடி உட்பூச்சை வருடிக்கொண்டு போகிறது. அந்த உராய்வே நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கச் சொல்லும் கட்டளை. கீரை வாய் வழியாகச் செய்வதை, நடை ஓட்டத்தின் வழியாகச் செய்கிறது. வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான வேகத்தில் நடந்தால் போதும்.

அடைப்பு வந்த காலுக்கும் நடைதான் மருத்துவம் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. வலி வரும்வரை நட, வலி கூடியதும் நில், போனதும் மறுபடி நட. இப்படி முப்பது நாற்பது நிமிஷம், வாரத்தில் மூன்று நாளாவது, குறைந்தது மூன்று மாதம். மருத்துவர் மேற்பார்வையில் செய்தால் வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடும்.

அப்பா இப்போது மரத்தைப் பார்ப்பது போல நடிப்பதில்லை. நின்றால், "புடிச்சுக்கிச்சு" என்று நேராகச் சொல்லிவிடுகிறார். எத்தனை அடியில் என்பதையும் சொல்கிறார். போன வாரம் எண்ணூற்று இருபது.